ஏற்றம் பழகிய கால்களுக்குச் சமதரை ஏன் கனக்கிறது

முழுத்தூர ட்ரையத்லன் என்பது 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் சைக்கிள், 42.2 கிலோமீற்றர் ஓட்டம். அரைத்தூரம் இதில் சரிபாதி. கொழும்பில் 2018 பெப்ரவரியில் நடந்த 70.3 போட்டி அரைத்தூர வகை, 70.3 என்பது மொத்தத் தூரத்தை மைலில் சொல்வது. முழுத்தூரத்துக்கு வழமையாக 17 மணித்தியாலம் தருவார்கள். நீச்சல் 2 மணி 20 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கும்போது தொடக்கத்திலிருந்து பத்தரை மணித்தியாலம் தாண்டியிருக்கக் கூடாது. போட்டிக்குப் போட்டி இது கொஞ்சம் மாறும், விதிக் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் கணக்குப் போட்டால் பயமாக இருக்காது. 100 மீற்றருக்கு இரண்டரை நிமிடம் என்று நீந்தினால் 95 நிமிடம். மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் சைக்கிள் 7 மணி 12 நிமிடம். கிலோமீற்றருக்கு ஏழரை நிமிடம் ஓடினால் ஐந்தே கால் மணித்தியாலத்துக்குச் சற்று மேல். உடை மாற்ற இரண்டு தடவைக்கும் சேர்த்து 20 நிமிடம். கூட்டினால் ஏறத்தாழ 14 மணி 24 நிமிடம் வரும், எல்லைக்குள் தாராளமாக நிற்கிறது. இந்த மூன்று வேகங்களில் எதுவும் தனியாகப் பார்த்தால் பெரிய வேகமில்லை. மூன்றையும் 30 பாகை வெயிலில் அடுத்தடுத்துச் செய்யும்போதுதான் கணக்கு உடைகிறது.

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் பழகுகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு: மலையில் ஏறினவனுக்குச் சமதரை ஒரு பொருட்டா? பலர் அடிபடுவது அந்த நம்பிக்கையில்தான். மலை காலுக்குப் பலம் தரும், மூச்சுக்கு நிதானம் தரும். வெயிலைத் தராது, நிறுத்தாமல் மிதிக்கும் பழக்கத்தைத் தராது, கடலைத் தராது. போட்டியோ இந்த மூன்றில்தான் நடக்கிறது. ஆகவே மலையகத்தில் இருந்து தயாராகிறவர் இன்னும் ஏறுவதைப் பற்றி யோசிப்பதை விட, மலை தராததை எங்கே போய் வாங்குவது என்று யோசிக்க வேண்டும்.

உயரம் எவ்வளவு உதவும்

முதலில் உயரத்தைப் பற்றிய மிகையான நம்பிக்கையைக் கொஞ்சம் இறக்கிவைப்போம். நுவரெலியா 1868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கு. உயரப் பயிற்சி முகாம்கள் பெரும்பாலும் 2000 முதல் 2500 மீற்றர் வரையான இடங்களில் நடக்கின்றன. நுவரெலியா அந்த வரம்பின் வாசலில் நிற்கிறது. 1270 மீற்றரில் இருக்கும் ஹட்டனுக்கும் அதைவிடத் தாழ்ந்த பதுளைக்கும் அந்தப் பலன் மிகக் குறைவு.

நுவரெலியாவில் ஒரு மணித்தியாலம் உச்சமாகத் தாங்கும் வலுவை, அதாவது எஃப்டிபியை, அளந்தால் கடல்மட்டத்தில் வருவதை விட ஏழெட்டு வீதம் குறைவாக வரலாம். கீழே போனதும் அதைக் கூட்டிக்கொள்ளலாம் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். கூட்டாதீர்கள். காற்று கொடுப்பதை வெயில் பிடுங்கிக்கொள்ளும். மேலே அளந்த எண்ணையே கீழேயும் வைத்துக்கொண்டு ஓட்டினால் மாரத்தனுக்குக் கால் மிஞ்சும்.

உயரத்தில் இருக்கிறவர் கவனிக்க வேண்டிய இன்னொன்று இரும்புச்சத்து. சிவப்பணு உருவாக இரும்பு வேண்டும். தேயிலையில் உள்ள பொலிபீனோல்கள் சாப்பாட்டு இரும்பைக் குடல் உறிஞ்சவிடாமல் பிடித்துக்கொள்ளும். நம் வீடுகளில் ரொட்டியோடு தேத்தண்ணி, சோறு முடிந்த கையோடு தேத்தண்ணி. தேயிலை நாட்டில் தேத்தண்ணியை விடச் சொல்ல முடியாது, சொன்னாலும் யாரும் கேட்கமாட்டார்கள். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணித்தியாலம் விட்டால் போதும். பயிற்சி தொடங்கும் முன்னர் ஒரு தடவை, பாதியில் ஒரு தடவை ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை, பார்த்துக்கொள்ளுங்கள். 30க்குக் கீழே இருந்தால் வைத்தியரிடம் பேசிவிட்டுத்தான் பயிற்சி மணித்தியாலத்தைக் கூட்ட வேண்டும். காரணம் தெரியாத களைப்புக்குப் பாதி நேரம் இதுதான் காரணமாக இருக்கும்.

நிறுத்தாமல் மிதிப்பது

ஏ5 வீதி பேராதனையில் தொடங்கி கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகிறது. கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு உயர வித்தியாசம் மட்டும் ஏறத்தாழ 1400 மீற்றர். 65 கிலோ ஆள், போத்தல்களோடு 10 கிலோ சைக்கிள், ஆக 75 கிலோவை அவ்வளவு உயரம் தூக்க வேண்டிய சக்தி பத்து இலட்சம் ஜூலுக்குச் சற்று மேல். 180 வற் வலுவில் மிதிக்கிறவருக்குத் தூக்குவதற்கு மட்டும் 95 நிமிடம் பிடிக்கும்; உருளும் தடையும் காற்றும் அதற்கு மேலே. நல்ல உழைப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் திரும்பி வரும்போது என்ன நடக்கிறது? ஒன்றரை மணித்தியாலம் கால் சும்மா தொங்குகிறது. நாலு மணித்தியாலச் சவாரி என்று எழுதிவைப்பது உண்மையில் இரண்டரை மணித்தியால வேலை. சைக்கிள் கணினியில் மிதி பூச்சியமாக இருந்த நேரத்தைத் தனியாகப் பாருங்கள். மலைச் சவாரியில் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை.

சமதரைப் போட்டியில் அந்த ஓய்வு கிடையாது. ஏழு மணித்தியாலம் நிமிடத்துக்கு 80, 90 சுற்று என்று மிதித்தபடியே இருக்க வேண்டும், அதுவும் குனிந்து முழங்கையை ஏரோ தண்டில் ஊன்றியபடி. மலையில் ஏறும்போது நிமிர்ந்து உட்காருவோம், இறங்கும்போது கை பிரேக்கில் இருக்கும். ஏரோ நிலையில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருக்க இடமே இல்லை. அதனால் போட்டியில் முதலில் விட்டுப்போவது தொடை அல்ல. கழுத்து. 100 கிலோமீற்றர் தாண்டியதும் தலையைத் தூக்கிப் பார்க்க முடியாமல் நிமிர்ந்துவிடுவார்கள். நிமிர்ந்தால் நெஞ்சில் காற்று. அதே வலுவில் வேகம் மணிக்கு இரண்டு மூன்று கிலோமீற்றர் விழுந்துவிடும்.

இதற்கு வழி இரண்டு. வார நாளில் வீட்டுக்குள் ட்ரெய்னரில், அதாவது சைக்கிளைப் பூட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் கருவியில், 40 நிமிடம் மூன்று தடவை, நடுவே 5 நிமிடம் இலகுவாக. எஃப்டிபியில் 70 வீதம், முழுவதும் ஏரோ நிலையில், ஒரு தடவை கூட மிதியை நிறுத்தாமல். சலிப்பான வேலை, ஆனால் றம்பொடையை இரண்டு தடவை ஏறுவதை விட இது போட்டிக்குக் கிட்டியது. மாதத்தில் இரண்டு வார இறுதியாவது சைக்கிளை வேனில் ஏற்றிக் கீழே இறங்குங்கள். எல்லவிலிருந்து வெல்லவாய 30 கிலோமீற்றருக்குள்தான்; அதற்குள் 1000 மீற்றருக்கு மேலிருந்து 200க்கு இறங்கிவிடுகிறோம். வெல்லவாயவிலிருந்து தணமல்வில பக்கம் வீதி சமமாக, வெயிலாக நீளும். 90 கிலோமீற்றர் போய்வந்தால் மலை மறைத்துவைத்திருந்த குறைகள் எல்லாம் தெரியவரும். புத்தல–கதிர்காமம் வீதிக்குப் போகவேண்டாம். யானை மறிக்கும் வீதி அது. மற்ற வீதிகளிலும் விடியலிலும் அந்தியிலும் யானை நினைவு இருக்க வேண்டும்.

கூட்டமாக ஓட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தப் போட்டிகளில் முன்னால் போகிறவரின் காற்று மறைவில் ஓட்டக் கூடாது. 12 மீற்றர் இடைவெளி விதி. எப்போதும் நண்பரின் பின்சக்கரத்தை ஒட்டியே பழகியவருக்குத் தன் சொந்த வேகம் எதுவென்றே தெரியாது. நீண்ட சவாரியில் பாதியாவது தனியாக ஓட்டுங்கள்.

கியரைப் பொறுத்தவரை, மலையில் பழக முன்னால் 50, 34 பல் சக்கரங்களும் பின்னால் பெரியது 32 அல்லது 34 பல் சக்கரமும் வேண்டும். அதை விடப் பெரிய கியரில் முழங்கால் சிப்பிக்குப் பின்னால் வலி தொடங்கும். வீரம் காட்ட வேண்டிய இடமில்லை அது.

இறக்கமும் மூடுபனியும்

ஏற்றத்தில் யாரும் விழுவதில்லை. றம்பொடைக் கொண்டை ஊசி வளைவுகளில் பகல் இரண்டு மணிக்கு மேல் மூடுபனி இறங்கினால் முப்பது அடிக்கு அப்பால் கொழுந்து லொறி தெரியாது. பின்விளக்கைப் பகலிலும் எரியவிடுங்கள், முன்விளக்கையும்.

ரிம் பிரேக், அதாவது சக்கர விளிம்பைக் கட்டையால் பிடிக்கும் பிரேக், நனைந்திருக்கும்போது, பிடித்ததும் சக்கரத்தின் முதல் ஓரிரு சுற்று ரிம்மின் தண்ணீரைத் துடைக்கத்தான் போகும். பிடிமானம் அதற்குப் பிறகுதான் வரும். ஆகவே வளைவுக்கு முன்னால் நேர்ப்பாதையிலேயே லேசாகத் தொட்டு ரிம்மைத் துடைத்து, பிறகு இறுக்கி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கை விட்டுவிட வேண்டும். வளைவின் நடுவே முன்பிரேக்கை அழுத்தினால் தாரில் படிந்த எண்ணெயும் இலையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். உலர்ந்த நாளில் எதிர்ப்பிரச்சினை: லேசாகப் பிடித்தபடியே ஐந்து கிலோமீற்றர் இறங்கினால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கும், கார்பன் ரிம் என்றால் ரிம்மே உருகிப் பிதுங்கலாம். முன்னும் பின்னும் மாறி மாறி, இரண்டு மூன்று வினாடி பலமாகப் பிடித்து விடுங்கள். டிஸ்க் பிரேக்கிலும் அதே முறைதான். பிடி தளர்வதாகத் தோன்றினாலோ கருகல் வாசம் வந்தாலோ நிறுத்தி ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போங்கள். டிஸ்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும்.

வாரத்துக்கு ஒரு தடவை பிரேக் கட்டைகளைக் கழற்றிப் பாருங்கள். ரப்பருக்குள் மினுமினுக்கும் அலுமினியத் துகள் புதைந்திருக்கும். ஊசியால் கிளறி எடுத்துவிட்டு, உப்புத்தாளில் இரண்டு தேய்ப்பு. எடுக்காவிட்டால் ரிம்மை அராவித் தின்றுவிடும். 25 மில்லிமீற்றர் டயருக்கு, ஆளின் எடையைப் பொறுத்து, உலர் வீதியில் 80 பிஎஸ்ஐ பக்கம். மழையில் அதில் ஐந்து குறைவு.

உச்சியில் இறக்கம் தொடங்கும் முன் ஜாக்கெட்டைப் போட்டுவிடுங்கள், குளிர்ந்த பிறகு அல்ல. வியர்வையில் நனைந்த உடம்போடு இறங்கினால் பத்து நிமிடத்தில் விரல் விறைத்து பிரேக்கை இழுக்க மாட்டாது. ஜாக்கெட் இல்லையா, கடையில் ஒரு பழைய பத்திரிகை வாங்கி நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவே செருகுங்கள்.

எந்த மாதம் எந்தப் பக்கம் ஓட்டுவது என்பதும் மலையகத்தில் ஒரு கணக்கு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவம். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா நனையும். அதே காலத்தில் வெலிமடை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் காய்ந்து காற்றாக இருக்கும். வருடக் கடைசியில் நிலைமை தலைகீழ். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை, ஆகவே விடியலில் தொடங்கி பதினொரு மணிக்குள் வீடு சேர வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்ட நாளில் ட்ரெய்னர்தான். மண் வெட்டிய மேட்டுக்குக் கீழே சைக்கிளோடு நிற்கும் அளவுக்கு எந்தப் பயிற்சியும் பெறுமதியானதல்ல.

வெயிலை வாங்குவது

மலையகத்து ஆள் போட்டியில் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். 18 பாகையில் பழகிய உடம்பு 31 பாகையில், பிசுபிசுக்கும் கடற்கரைக் காற்றில் இறங்குகிறது. தோலைக் குளிரவைக்க இரத்தம் ஓடுகிறது, தசைக்குப் போவது குறைகிறது. அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 10, 15 கூடுகிறது. வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் வேண்டும். முதல் நாலைந்து நாளில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். பிறகு வியர்வை முன்னதாகவே தொடங்கும், அதில் உப்புக் குறையும்.

இரண்டு வாரம் லீவு போட்டுக் கீழே தங்க யாரால் முடியும்? வீட்டிலேயே செய்ய வழி உண்டு. கடைசி மூன்று வாரத்தில், வாரம் நாலு நாள், யன்னலைப் பூட்டி, விசிறி இல்லாமல், மழை ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு ட்ரெய்னரில் 45 முதல் 60 நிமிடம் இலகுவாக மிதியுங்கள். வேகம் இங்கே நோக்கமில்லை. அல்லது ஓடி முடித்த கையோடு 40 பாகைத் தண்ணீரில் தோள்வரை அமிழ்ந்திருங்கள். முதல் நாள் 15 நிமிடம், ஐந்தாறு நாளில் 30, 40 வரை. குளியல்தொட்டி இல்லாத வீட்டில் தண்ணீர் பிடிக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி போதும். எழும்பும்போது தலை சுற்றும், ஆகவே வீட்டில் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் இந்தப் பக்கமே போகவேண்டாம். பெற்ற பழக்கம் குளிருக்குத் திரும்பினால் சில நாளில் கரையத் தொடங்கும். ஆகவே போட்டிக்கு ஐந்தாறு நாள் முன்னரே கீழே இறங்கி, தினம் அரை மணித்தியாலம் வெயிலில் இலகுவாக அசையுங்கள்.

எவ்வளவு குடிப்பது என்பதை மற்றவரிடம் கேட்டுப் பயனில்லை, அளக்க வேண்டும். வெல்லவாயச் சவாரியின்போது ஒரு தராசைக் கொண்டுபோங்கள். தொடங்கும் முன் உடையில்லாமல் எடை. ஒரு மணித்தியாலம் போட்டி வேகத்தில் ஓட்டி, துவாயால் நன்றாகத் துடைத்து மறுபடி எடை. முன்னால் 62.4 கிலோ, பின்னால் 61.5, நடுவே குடித்தது அரை லீற்றர் என்றால் வியர்த்தது 1.4 லீற்றர். சிறுநீர் போயிருந்தால் அதைக் கழிக்கவும். இதையே நுவரெலியாக் காலைக் குளிரில் செய்தால் பாதி கூட வராது. மேலே அளந்த எண்ணை நம்பிக் கீழே குடிக்கிறவர் மூன்றாம் மணித்தியாலத்தில் வறண்டுவிடுவார்.

வியர்த்தது முழுவதையும் குடித்து நிரப்ப வேண்டியதில்லை. பெரும்பாலானவர்களின் வயிறு மணிக்கு 700, 800 மில்லிலீற்றருக்கு மேல் சுமுகமாக ஏற்காது. போட்டி முடிவில் உடம்பு எடையில் 2, 3 வீதம் குறைந்திருப்பது தாங்கக்கூடியது. எடை கூடியிருந்தால்தான் பயப்பட வேண்டும். வெறும் தண்ணீரை லீற்றர் கணக்கில் ஊற்றிக்கொண்டவருக்கு இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து, விரல் வீங்கி மோதிரம் இறுகும், குமட்டும், பேச்சுக் குழறும். அதை வறட்சி என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பது உயிரைக் குடிக்கும். வலி மாத்திரையும் வேண்டாம்: டைக்லோபெனாக், இபுபுரோபன் இரண்டும் நீண்ட போட்டியில் சிறுநீரகத்தில் கைவைக்கும்.

போத்தலுக்குள்ளே

உடம்பில் சேர்த்துவைக்கும் மாச்சத்து 400, 500 கிராம்தான். போட்டிக்குத் தேவை அதைவிடப் பல மடங்கு. சைக்கிளில் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாச்சத்து உள்ளே போக வேண்டும். 70 என்று வைத்தால் ஏழு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 500 கிராம். வெளிநாட்டு ஜெல் வாங்கிக் கட்டுப்படியாகாதவர்கள் பயப்படவேண்டாம். சாதாரண சீனி பாதி குளுக்கோசு, பாதி புருக்டோசு. குடல் இரண்டையும் வேறு வேறு வாசலால் உறிஞ்சும், அதனால் தனிக் குளுக்கோசை விடக் கூடுதலாக ஏறும்.

750 மில்லிலீற்றர் போத்தலுக்கு 60 கிராம் சீனி, கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேசிக்காய்ச் சாறு. கால் தேக்கரண்டி உப்பில் 550, 600 மில்லிகிராம் சோடியம் இருக்கும். சீனியைக் கரண்டியில் அள்ளாமல் தராசில் நிறுங்கள். குவித்து அள்ளினால் கணக்கு இரண்டு மடங்காகும், வயிற்றில் கலகம் அங்கேதான் தொடங்கும். ஜீவனி போன்ற வாய்வழி நீரூட்டல் கரைசலை மட்டும் நம்பியும் இருக்க முடியாது: உலக சுகாதார அமைப்பின் சூத்திரப்படி லீற்றருக்குக் குளுக்கோசு 13.5 கிராம்தான், சோடியம் 1700 மில்லிகிராமுக்கு மேல். அது வயிற்றோட்டத்துக்கான மருந்து, சக்தி தராது. அதிகமாக உப்புப் பூக்கிறவர்கள், கறுப்புச் சட்டையில் வெள்ளைக் கோடு விழுகிறவர்கள், சீனிப் போத்தல்களுக்கு இடையே ஒரு போத்தல் இதை வைத்துக்கொள்ளலாம்.

கடிக்க ஏதாவது வேண்டும் என்றால் நடுத்தர வாழைப்பழம் 25 கிராம். கித்துள் பாணி 30 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் சீனி உண்டு. சின்னக் குப்பியில் அடைத்துப் பின்பையில் போடலாம். கோதுமை மா ரொட்டியைச் சீனி தூவிச் சுருட்டி முதல் இரண்டு மணித்தியாலத்தில் சாப்பிடலாம், பிறகு தொண்டையில் இறங்காது. கட்டைச் சம்பல் போட்டியன்று வேண்டாம், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். குடலையும் காலைப் போலப் பழக்க வேண்டும்: மணிக்கு 40 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை 10 கூட்டுங்கள்.

தண்ணீர்

மலையகத்தில் நீச்சல்தான் எல்லாவற்றிலும் கஷ்டம். 25 மீற்றர் தடாகம் கிடைப்பவர் அதிர்ஷ்டசாலி. ஹோட்டல் தடாகங்கள் பல 12, 15 மீற்றர்தான். 25 மீற்றரில் 3.8 கிலோமீற்றர் 152 தடவை, ஒவ்வொரு முனையிலும் சுவரை உதைத்துக் கிடைக்கும் இலவச மூன்று நாலு மீற்றரோடு. கடலில் சுவர் இல்லை. சின்னத் தடாகம் மட்டும் இருந்தால் பழைய சைக்கிள் டியூப் இரண்டை முடிந்து, ஒரு முனையை ஏணியிலும் மறுமுனையை இடுப்புப் பட்டியிலும் கட்டி, இருந்த இடத்திலேயே 10 நிமிடம், 20 நிமிடம் என்று நீந்துங்கள். திரும்பல் இல்லாத நீச்சல் எப்படியிருக்கும் என்று தோளுக்குத் தெரியவரும்.

நீர்த்தேக்கங்கள் கண்ணுக்கு அழகாகத் தெரியும். காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை மின்சாரத் துறையின் பொறுப்பில். கொத்மலை, விக்டோரியா மகாவலி அதிகார சபையின் பொறுப்பில். அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. அனுமதி கிடைத்தாலும் அணைக்கட்டு, வான்கதவுப் பக்கம் நெருங்கக் கூடாது. நீர்மட்டம் இறங்கும் காலத்தில் மவுஸ்ஸாக்கலையில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே வருவதைப் பார்க்கச் சனம் கூடும். நீந்துகிறவர் அதில் காண வேண்டியது வேறு. மட்டம் பாதியாக இருக்கும்போது அதே சுவர்களும் மரக்கட்டைகளும் ஒரு அடி ஆழத்தில் ஒளிந்திருக்கும். தனியாக இறங்காதீர்கள், இடுப்பில் மிதவை கட்டுங்கள். கிரகறி வாவியில் நகரத்து வடிகால் நீர் சேர்கிறது, அதைச் சுற்றி ஓடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். எந்த நன்னீரில் இறங்கினாலும், பிறகு ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் தண்ணீரில் இறங்கினதை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலைப் பனடோலால் மறைத்துவிடக் கூடாது.

கடலுக்குப் போட்டிக்கு முன் ஆறு தடவையாவது போய்வர வேண்டும். டிசெம்பர் முதல் மார்ச் வரை தெற்கும் மேற்கும் அமைதி; உனவட்டுன விரிகுடா நல்லது. மே முதல் செப்டெம்பர் வரை கிழக்கு. பதுளைக்காரருக்கு வழி கேட்க வேண்டியதே இல்லை: அதே ஏ5 வீதி பிபிலை, மஹாஓயா வழியாகச் செங்கலடிவரை இறங்குகிறது, அங்கிருந்து பாசிக்குடா கிட்ட.

நம் கடல் 27 பாகைக்கு மேல். நீச்சல் ரப்பர் உடைக்கு அனுமதி வழமையாக 24.5 பாகைவரைதான், ஆகவே இங்கே அது கிடையாது. கால் தாழ்கிறவர் தன் உடம்பாலேயே சமாளிக்க வேண்டும். கடலில் ஆறேழு கைவீச்சுக்கு ஒரு தடவை முதலையைப் போலக் கண்ணை மட்டும் தூக்கி மிதவையைப் பாருங்கள், தலை முழுவதையும் தூக்கினால் இடுப்புத் தாழும். கழுத்திலும் கக்கத்திலும் வாசலீன் பூசாமல் உப்புத் தண்ணீரில் ஒன்றரை மணித்தியாலம் நீந்தினால் பிறகு பன்னிரண்டு மணித்தியாலம் வியர்வை அதைச் சொல்லிக்காட்டும். முதல் 200 மீற்றரில் நெஞ்சு அடைத்தால் பெரும்பாலும் மூச்சை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் காரணம். பத்து வீச்சு தவளை நீச்சல் போட்டு, தண்ணீருக்குள் குமிழி விட்டு மூச்சை வெளியேற்றுங்கள். அதற்குப் பிறகும் இளைப்பும் நுரைச் சளியோடு இருமலும் இருந்தால் கையைத் தூக்கி ஓடத்தைக் கூப்பிட வேண்டும், விவாதம் வேண்டாம்.

ஓட்டம்

தோட்டத்து ரோட்டில் லயத்திலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவம்வரை ஏறி இறங்கி ஓடுவது எல்லோருக்கும் பழக்கம். ஏறுவது நல்லது. இறங்குவதில் தொடைத்தசை நீண்டபடியே சுமையைத் தாங்குவதால் நுண்கிழிசல் விழும், மூன்று நாள் படி இறங்க முடியாது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் இறக்கம் வையுங்கள், போட்டிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் ஒன்றும் வேண்டாம். சம ஓட்டத்துக்கு நுவரெலியாவில் குதிரைப் பந்தயத் திடலும் கிரகறி வாவிக் கரையும் இருக்கின்றன. நீண்ட சைக்கிள் சவாரி முடிந்த கையோடு 30 நிமிடம் அங்கே ஓடிப் பழகுங்கள். முதல் பத்து நிமிடம் கால் வேறு யாருடையதோ போல இருக்கும். மழைக்காலத்தில் அட்டைக்கு மேஸில் சவர்க்காரத்தை நன்றாகத் தேய்த்துவிட்டு ஓடுங்கள்.

நீண்ட ஓட்டம் இரண்டரை மணித்தியாலத்தைத் தாண்ட வேண்டியதில்லை, மீட்சிக்குத்தான் செலவு கூடும். முழுத்தூரத்துக்கு உச்ச வாரங்களில் 12 முதல் 15 மணித்தியாலம், அரைத்தூரத்துக்கு 8 முதல் 10. மூன்று வாரம் ஏற்றி நாலாம் வாரம் இறக்கி, ஆறேழு மாதம். வேலைக்குப் போய்வந்து இதைச் செய்கிறவருக்குத் தூக்கம்தான் முதலில் பறிபோகும். ஆறு மணித்தியாலத்துக்குக் குறைந்தால் அடுத்த நாள் பயிற்சியை வெட்டுங்கள்.

போட்டி ஓட்டத்தில் நீர்மேசைக்கு நீர்மேசை ஓடி, மேசையைக் கடக்கும்வரை நடந்து குடியுங்கள். அரை நிமிட நடை என்று வெட்கப்படவேண்டாம், ஓடிக்கொண்டே குடிக்கிறவர் பாதியைச் சட்டையில் ஊற்றுகிறார். ஐஸ் கிடைத்தால் தொப்பிக்குள்ளும் கழுத்துக்குப் பின்னாலும். வியர்வை நின்று குளிர் எடுத்தால், அல்லது பெயர் கேட்டதும் பதில் தாமதமானால், அதோடு போட்டி முடிந்தது.

சைக்கிள் வீடு திரும்பும்போது

போட்டிக்கு முதல்நாள் சைக்கிளை வெயிலில் நிறுத்தச் சொல்வார்கள். நிறைந்த காற்றோடு விட்டால் பின்னேரத்துக்குள் ஒன்றிரண்டு டயர் வெடிக்கும் சத்தம் கேட்கும். 20 பிஎஸ்ஐ இறக்கிவைத்து விடியலில் அடியுங்கள். மலையில் அடித்த காற்றோடும் ஓட்டாதீர்கள். பொதி செய்யும்போது இடப்பக்கப் பெடலின் மரை மறுபக்கம் சுற்றும் என்பதையும் பின்பக்கக் கியர் மாற்றியின் கொக்கி வளைந்தால் கியர் சக்கரக் கம்பிக்குள் போகும் என்பதையும் மறக்கவேண்டாம்.

கடலோரத்தில் ஒரு நாள் ஓடிய சைக்கிளில் உப்புக் காற்றும், சீனித் தண்ணியும், வியர்வையும் ஹேன்டில் தண்டின் குண்டுவளையத்துக்குள்ளும் ஆணித் தலைகளிலும் இறங்கியிருக்கும். வீடு வந்ததும் வாளித் தண்ணீரால் கழுவி, உலர்த்தி, செயினுக்கு எண்ணெய் விட்டு, ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி கிறீஸ் தொட்டுப் பூட்டுங்கள். 180 கிலோமீற்றர் சமதரையில் பிரேக்கைத் தொட்டதே நாலைந்து தடவையாக இருக்கும். கட்டையின் முகம் கண்ணாடி போல வழுவழுப்பாகி, கேபிள் உப்பில் இறுகியிருக்கும். உப்புத்தாளில் தேய்த்து, வாசல் முன்னால் மெதுவாக உருட்டி இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே றம்பொடைப் பக்கம் திரும்புங்கள்.